வாசலில் அத்தை நிற்கிறாள்

ஏப்ரல் 3, வியாழன்

இன்று எனக்குப் பொன்னாள். கோவை உக்கடத்தில் ஒரு பழைய கேசட் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பக்திப் பாடல்கள் என்று அட்டை போட்ட ஒரு கேசட்டின் பின்புறத்தில், மங்கிய பேனா மையில் ‘வாசல் – வீனஸ் 48’ என்று எழுதியிருந்தது. கடைக்காரருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று இரண்டு நாதஸ்வரக் கேசட்டுகளையும் சேர்த்து வாங்கினேன்.

பின்னால் யாராவது இந்த டைரியைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். நான் சென்னியப்பன். பம்புசெட் கம்பெனியில் கணினிப் பிரிவு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டிவியில் மாட்டி ஓட்டுகிற பழைய வீட்டுக் கணினிகள் என்று எண்பதுகளில் வந்தன, வீனஸ் 48 அவற்றில் ஒன்று. ரப்பர் பட்டன், டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை ஓட்டி விளையாட்டை ஏற்ற வேண்டும். அவற்றில் எழுத்து சாகச விளையாட்டு என்று ஒரு வகை. படமே கிடையாது. ‘நீங்கள் ஒரு குகையில் இருக்கிறீர்கள், தரையில் விளக்கு’ என்று எழுத்தில் வரும். ‘விளக்கு எடு’ என்று நாம் இரண்டு வார்த்தையில் கட்டளையிட்டால் எடுக்கும். நான் சேர்ப்பது அவற்றை. இருநூறுக்கு மேல் வைத்திருக்கிறேன், எல்லாம் வெளிநாட்டு ஆங்கிலச் சரக்கு. பெரும்பாலானவற்றை விளையாடியதில்லை. விளையாட வேண்டுமென்றால் மேலுறையைக் கிழிக்க வேண்டும், கிழித்தால் மதிப்புப் போய்விடும்.

தமிழில் ஒரே ஒரு விளையாட்டு வந்தது என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. அதுதான் ‘வாசல்’. இன்று அது என் வீட்டில், என் அறையில், இருபத்திரண்டு டிகிரி குளிரில் இருக்கிறது. டேப்புக்கு வெப்பம் ஆகாது என்பதால் அந்த அறைக்கு மட்டும் ஏசி போட்டிருக்கிறேன். ரிமோட் எப்போதும் என் சட்டைப் பையில்தான். வேறு யார் கைக்காவது போனால் டிகிரியை மாற்றிவிடுவார்கள்.

சுலோச்சனாவிடம் காட்டினேன். “பாட்டுக் கேசட்டுங்களா?” என்றாள். முப்பத்து மூன்று வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் கேட்கிற கேள்வி. “காப்பி கொண்டா” என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏறிவிட்டது! முதல் மூன்று தடவை கிரீச்சென்று கத்தி நின்றுவிட்டது. நாலாவது தடவை பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப் ரெக்கார்டரின் தலையைத் துடைத்து ஓட்டினேன். திரை கறுத்தது. பிறகு வந்தது:

‘நீங்கள் உங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறீர்கள். வடக்கே வாசல். வாசலில் அத்தை நிற்கிறாள்.’

கணினியில் தமிழ் எழுத்து கிடையாது. எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நான் இங்கே வசதிக்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

‘வடக்கு போ’ என்று அடித்தேன். ‘அத்தை காதைப் பொத்திக்கொள்கிறாள். நல்ல வார்த்தை சொல் என்கிறாள்’ என்று வந்தது.

‘கதவு திற’ என்றேன். ‘கதவு திறந்துதான் இருக்கிறது’ என்று வந்தது.

‘அத்தை தள்ளு’ என்றேன். ‘வெட்கமாக இல்லையா?’ என்று கேட்டது.

மாலை வரை இதே கதை. கூடத்தைத் தாண்ட முடியவில்லை. பெரிய மூளைக்காரன் எழுதியிருக்கிறான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய விளையாட்டுக் கேசட் சேர்ப்பவர்களான எங்கள் சங்கத்தின் கூட்டம். தலைவர் பல் டாக்டர் ஜோதிலிங்கம். செயலாளர் நான். உறுப்பினர் குருநாதன், ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ்காரர். இவ்வளவுதான் சங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரின் கிளினிக்கில், சொத்தைப் பல் படத்துக்குக் கீழே கூடுவோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து, “எங்கீங்க போறீங்க?” என்று சத்தம் போட்டாள் சுலோச்சனா. வெளியே கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அது கூடத் தெரியாதவள். பதில் சொல்லாமல் இறங்கி நடந்தேன். வழக்கமாகவே நான் பதில் சொல்லுவதில்லை, இதெல்லாம் பழக்கப்படுத்தக் கூடாது.

ஜோதிலிங்கத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் கேசட்டை ஒளியில் பிடித்துப் பார்த்தார். “மேலுறை இல்லையே சென்னியப்பன்” என்றார். வயிற்றெரிச்சல், வேறென்ன. பிறகு விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். ‘நல்ல வார்த்தை’ என்றால் கடவுச்சொல் என்று முடிவு செய்தோம். கடவுளின் பெயராக இருக்கும் என்றார் டாக்டர். எழுதியவரின் பெயராக இருக்கும் என்றேன் நான். குருநாதன் தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

முருகா, விநாயகா, மாரியாத்தா, அங்காளம்மா, நன்றி, வணக்கம், தயவு செய்து, மன்னிக்கவும். எதற்கும் அத்தை அசையவில்லை. ‘புரியவில்லை. வேறு சொல்லில் சொல்லவும்’ என்றே வந்துகொண்டிருந்தது. ‘மன்னிக்கவும்’ என்றதற்கு மட்டும், ‘எதற்கு?’ என்று கேட்டாள்.

சாப்பிடும்போது சுலோச்சனா ஒரு பேச்சை எடுத்தாள். எங்கள் மகள் தாரணிக்கு ஏழாம் மாசம். மே ஒன்பதாம் தேதி ஈரோட்டில் சம்பந்தி வீட்டில் கட்டுச்சோறு விருந்து. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்கு ஊட்டி, தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். அடுத்துச் சொன்னதுதான் விஷயம்.

“உங்க ஏசி ரூமைக் காலி பண்ணிக் கொடுத்தீங்கன்னா புள்ள படுத்துக்குவா. அக்னி நச்சத்திரமுங்க. மாடி ரூம்பு தகரக் கொட்டாயாட்டம் காயுது.”

டேப் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டால் திரும்பப் பெற முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். குழந்தை பெறுவது இயற்கையான விஷயம், உலகத்தில் தினமும் நடப்பது, ‘வாசல்’ உலகத்தில் ஒன்றுதான் என்றும் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. வேப்பம்பூ ரசம், பருப்பு வடை. சுலோச்சனா பேசவில்லை, ஆனால் வடை நன்றாக இருந்தது.

காலையில் வேறு தடத்தில் முயன்றேன். வழி கேட்டுப் பார்க்கலாம் என்று ‘வழி சொல்’ என்று அடித்தேன். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு என்ன போடுவது என்பதில் எப்போதும் குழப்பம். நான் போட்டதை அது ‘வலி’ என்று எடுத்துக்கொண்டது. ‘எங்கே வலிக்கிறது?’ என்று திரையில் வந்தது.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்போ எழுதுனது டாக்டர்தான்! பெரும்பாலும் பல் டாக்டரா இருக்கணும்” என்றார். மனிதருக்கு எதைப் பார்த்தாலும் பல்தான்.

வலி எங்கே என்று நான் சொல்லவில்லை. அப்படியே அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

சுலோச்சனாவின் போக்கு சரியில்லை. நான் கணினியில் உட்காரும்போது அறைக்குள் குளிர்ச்சிக்காக வந்து கதவோரம் நின்றுகொண்டு முருங்கைக்கீரை உருவுவாள். அங்கிருந்து திரையையும் படிப்பாள் போலிருக்கிறது. இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“காப்பி கொண்டா” என்றேன்.

“இங்கு காப்பி எதுவும் தென்படவில்லை” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கீரைதான் உருவிக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றேன்.

“புரியவில்லை. வேறு சொல்லில் சொல்லவும்” என்றாள்.

“சுலோச்சனா, வெளையாடாதே.”

“வெளையாடறது நீங்களுங்க. நானு கீரை உருவறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காப்பி வந்தது, ஆனால் சர்க்கரை இல்லாமல்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாடியறையைப் போய்ப் பார்த்தேன். அப்படியொன்றும் காயவில்லை. ஐந்து நிமிஷம் நின்றேன், சட்டை நனைந்தது, அது படி ஏறிய வியர்வை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சங்கத்தின் அவசரக் கூட்டம். நான் மடியில் வைத்துக் கொண்டுபோன கணினியைக் கிளினிக் டிவியில் மாட்டி, மூன்று பேரும் மாறி மாறி அடித்துப் பார்த்தோம். அத்தையை இழு, அத்தையை ஏமாற்று, அத்தைக்குப் பூ கொடு, அத்தைக்குப் பணம் கொடு, ஜன்னல் உடை, கூரை ஏறு. டாக்டர் ‘அத்தை பல் பார்’ என்று கூட அடித்தார். ‘அத்தைக்குப் பற்கள் நன்றாக இருக்கின்றன’ என்று வந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

கடைசியில் இந்த விளையாட்டில் பிழை இருக்கிறது, எழுதியவர் பாதியில் விட்டுவிட்டார், வாசலுக்கு அப்பால் ஒன்றும் கிடையாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தது டாக்டர், வழிமொழிந்தது நான். குருநாதன் மட்டும், “அந்த அம்மா வாசல்ல எதுக்கு நிக்குறாங்கன்னு யாரும் கேக்கலியே” என்றார். அவர் பாதித் தூக்கத்தில் இருந்ததால் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் சுலோச்சனா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

மே 1, வியாழன்

பேசிக்கொண்டிருந்தது அவள் தம்பியிடம். பொள்ளாச்சிக்காரர், தெய்வசிகாமணி. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, ஏசி இல்லாமலேயே ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று பெருமை அடிப்பவர். தாரணியை ஈரோட்டிலிருந்து நேரே அங்கே கூட்டிப்போவதாக ஏற்பாடாம். எனக்குக் கோபம் வந்தது. அப்பன் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெண்ணின் தலைப்பிரசவம் மாமன் வீட்டிலா? ஊர் என்ன பேசும்?

“ஊருக்கு நீங்க பதில் சொல்லுங்க. புள்ளைக்கு நானு சொல்லிக்கிறேன்” என்றாள்.

“அறைக்கு வேற ஏற்பாடு பண்ணலாம், கொஞ்ச நாள் பொறு” என்றேன்.

“கொழந்தை பொறுக்குமுங்களா?”

ரிமோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இன்று சுலோச்சனா பொள்ளாச்சிக்குக் கிளம்பினாள். கட்டுச்சோற்றுக்கு அங்கேயே சமைக்கிறார்களாம். நான் அப்போது ‘அத்தை கை பிடி’ என்று அடித்துக்கொண்டிருந்தேன். (‘எந்த உரிமையில்?’) கதவோரம் வந்து நின்றாள். கையில் பெரிய பை. நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

“போறனுங்க” என்றாள்.

“ம்” என்றேன்.

ஃபிரிட்ஜில் மூன்று நாளைக்குக் குழம்பு வைத்திருக்கிறாள்.

மே 8, வியாழன்

குழம்பு தீர்ந்துவிட்டது.

மே 9, வெள்ளி

ஈரோட்டுக்குப் போய்வந்தேன். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, புளிச் சோறு என்று ஏழு வகையும் தெய்வசிகாமணி தூக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெண்ணைப் பெற்ற அப்பன் வெறுங்கையோடு வந்து நின்றேன். சம்பந்தி அம்மா, “சம்பந்திக்கு வேலை ஜாஸ்திங்களா?” என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன்.

தாரணிக்கு நல்ல வயிறு. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கை நிறைய வளையல் போட்டு உட்கார வைத்து வாயில் சோறு ஊட்டினார்கள். நானும் ஒரு கவளம் ஊட்டினேன். “அப்பா, உங்க டேப்பெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சினன் காரில் ஏறிப் போனார்கள். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் தாயும் மகளும் பைகளும். எனக்கு இடமில்லை. இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன், எனக்குக் கோவையில் வேலை இருந்தது. சுலோச்சனா கண்ணாடியை இறக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.

மே 12, திங்கள்

இன்று நடந்தது சரித்திரம். நிதானமாக எழுதுகிறேன்.

மதியம் தாரணி போன் செய்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஓட்டலில் சாப்பிட்டேன் என்றேன்.

“அப்பா, அம்மா எப்போ திரும்ப வருவாங்கன்னு கேட்டா பேசவே மாட்டேங்கறாங்க. அங்கிருந்து கெளம்பறப்ப என்னதான் சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலியே கண்ணு. போறேன்னு சொன்னா.”

“போறேன்னா?”

“ஆமா.”

“‘போறேன்’னு மட்டுமா? ‘போயிட்டு வர்றேன்’னு சொல்லலையா?”

“இல்லை. ஏன்?”

“அப்பா! வீட்டை விட்டுக் கெளம்பறப்ப ‘போறேன்’னு யாராச்சும் சொல்லுவாங்களா? அபசகுனமாட்டம்? அம்மா பக்கத்துக் கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வர்றனுங்க’ன்னு சொல்லிட்டுத்தான போவாங்க? நல்ல வார்த்தையா சொல்லணும்னு எனக்குக் கூட—”

போனை மேஜை மேல் வைத்துவிட்டு ஓடினேன். கேசட்டை ஏற்றினேன். ஏறுகிற நேரமெல்லாம் நின்றுகொண்டேயிருந்தேன். அத்தை வந்தாள். அடித்தேன்:

‘போயிட்டு வரேன்.’

திரை வெறுமையானது. பிறகு:

‘அத்தை சிரிக்கிறாள். போயிட்டு வா என்கிறாள். வழிவிடுகிறாள். நீங்கள் தெருவில் இருக்கிறீர்கள். வாசலில் அத்தை நிற்கிறாள்.’

கத்திவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கதவு முதலிலிருந்தே திறந்துதான் இருந்தது! ஒரு பொறியாளன், ஒரு பல் டாக்டர், ஒரு இன்சூரன்ஸ் அதிகாரி, மூன்று பேரும் ஜன்னலை உடைத்துக்கொண்டிருந்தோம். உடனே டாக்டருக்குப் போன் போடலாம் என்று மேஜைக்கு வந்தால், போனில் தாரணி இன்னும் வைக்கவில்லை.

“அப்பா? இருக்கீங்களா?”

“கண்ணு, கதவு தெறந்துருச்சு!” என்றேன்.

“எந்தக் கதவுங்கப்பா?” என்றாள்.

நான் சொன்னேன். அவள் போனை வைத்தாள்.

டாக்டரிடமும் சொன்னேன். தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்றேன். “வார்த்தையை யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். நானே என்றேன். பிறகு வெகுநேரம் அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா ‘போறனுங்க’ என்றாள். நான் ‘ம்’ என்றேன்.

மே 13, செவ்வாய்

காலையிலிருந்து விளையாடினேன். வாசலுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று தீர்மானம் போட்டவர்களை நிற்க வைத்து அடிக்க வேண்டும். ஒரு ஊரே இருக்கிறது. சந்தை, குளம், மலை, பாழடைந்த கோட்டை. எங்கு போனாலும் பொருட்கள். வெண்கல விளக்கு, பவழ மாலை, யானைத் தந்தச் சீப்பு, பழைய நாணயம். நான் யார்? எல்லாவற்றையும் எடுத்தேன். ‘எடு, எடு, எடு’ என்று அடித்துக்கொண்டே போனேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. எந்த இடத்துக்குப் போனாலும் வர்ணனையின் கடைசி வரி ஒன்றே. ‘சந்தையில் இருக்கிறீர்கள். மூட்டைகள். வாசலில் அத்தை நிற்கிறாள்.’ ‘குளக்கரையில் இருக்கிறீர்கள். தாமரை. வாசலில் அத்தை நிற்கிறாள்.’ சோம்பேறி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

கோட்டையில் அந்த வரி மாறியது. ‘வாசலில் அத்தை உட்கார்ந்திருக்கிறாள்.’ நான் கவனித்தேன், ஆனால் கோட்டைக்குள் இன்னும் ஒரு பெட்டி பாக்கியிருந்தது. பெட்டியை எடுத்தேன். அதற்குள் ஒரு மரகதம். எடுத்தேன். அது எல்லாவற்றிலும் கடைசிப் பொருள்.

‘கோட்டையில் இருக்கிறீர்கள். வாசலில் யாரும் இல்லை.’

பயமாக இருந்தது. ஒரு ரப்பர் பட்டன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அறுபது வயதுக்காரன் பயந்தேன், எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. தெற்கு, தெற்கு, தெற்கு என்று அடித்து ஓடினேன். குளம், சந்தை, தெரு. வீடு வந்தது.

‘கதவு சாத்தியிருக்கிறது.’

‘கதவு திற’ என்றேன். ‘உள்ளே யாரும் இல்லை’ என்று வந்தது. ‘அத்தை கூப்பிடு’ என்றேன். ‘புரியவில்லை. வேறு சொல்லில் சொல்லவும்’ என்று வந்தது. பிறகு ஆட்டம் முடிந்தது:

‘சேர்த்த பொருட்கள்: அனைத்தும். மதிப்பெண்: பூஜ்யம்.’

விளையாட்டில் பிழை இருக்கிறது. அனைத்துப் பொருளையும் எடுத்தவனுக்கு எப்படிப் பூஜ்யம் வரும்? நிச்சயமாகப் பிழைதான்.

இன்று சாப்பிடவில்லை. வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது, ஏசி மட்டும் ஓடுகிறது.

மே 14, புதன்

கேசட்டுகளை மாடியறைக்கு மாற்றினேன். தனியாகத்தான் தூக்கினேன். மாடி காயத்தான் செய்கிறது. மேலுறை போட்டவற்றில் சில வளைந்துவிடும் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே தூக்கினேன்.

பிறகு காந்திபுரம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். காந்திபுரம் போகிறவன் உக்கடத்துக்கு எப்படி வந்தான் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தெய்வசிகாமணி, “வாங்க மாமா, இளநி வெட்டட்டுங்களா?” என்றார். தாரணி தோப்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வீடு நிஜமாகவே ஜிலுஜிலுவென்றுதான் இருக்கிறது. சுலோச்சனா ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு கைப்பிடி கூடுதலாக மாவு போட்டாள்.

சாப்பிட்டேன். அறையைக் காலி செய்துவிட்டேன் என்று தட்டைப் பார்த்துச் சொன்னேன். தட்டும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது செருப்பை மாட்டிவிட்டு நின்றேன். அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் வாசல் வரைக்கும் வருவாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

“போயிட்டு வர்றேன்” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சுலோச்சனா கையை நீட்டினாள். எனக்கு விளங்கவில்லை.

“ரிமோட்டு” என்றாள்.

சட்டைப் பையில் இருந்தது. பொள்ளாச்சி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“போயிட்டு வாங்க” என்றாள்.

மே 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். தலைவர் ‘வாசல்’ பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சங்கங்களுக்கு அனுப்பப் போகிறாராம். பல் மருத்துவர் ஒருவர் எழுதிய விளையாட்டு என்றே ஆரம்பிக்கிறது. நான் மறுக்கவில்லை. குருநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எதுக்கு நின்னாங்களாம்?” என்று கேட்டார். சொன்னேன். “அவ்வளவுதானே” என்று திரும்பவும் தூங்கிவிட்டார்.

மே 21, புதன்

ஏசி அறையைக் கழுவிவிட்டேன். கட்டில் போட்டேன். தாரணிக்குப் பிடித்த நீலப் போர்வையை இரண்டு தடவை துவைத்தேன், முதல் தடவை சோப்புப் போடவில்லை. ரிமோட் இல்லாததால் ஏசி ஓடாது. அறை அனலாக இருக்கிறது. மாடிக்குப் போய்க் கேசட்டுகளுக்கு விசிறி போட்டுவிட்டு வந்தேன்.

மே 24, சனி

நாளைக்குத் தெய்வசிகாமணி காரில் கொண்டுவந்து விடுகிறாராம். தாரணி போனில் சொன்னாள். “அம்மா என்ன சொன்னா?” என்று கேட்டேன். “சர்க்கரை இருக்குதான்னு கேக்கச் சொன்னாங்க” என்றாள். இருக்கிறது. வாங்கி வைத்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

காலையிலேயே குளித்துவிட்டு வாசலில் நின்றேன். எதிர் வீட்டுக்காரர், “என்னங்க, யாருக்காக?” என்றார். சும்மா என்றேன். வெயில் ஏறியது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வந்து நின்றேன். கால் வலித்தது. சிறிது நேரம் படியில் உட்கார்ந்தேன், உடனே ஏதோ நினைவு வந்து எழுந்து நின்றுகொண்டேன்.

கார் வந்தது. தாரணி இறங்கியதும், “அப்பா, நகருங்க, பாத்ரூம் போகணும்” என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தெய்வசிகாமணிக்குத் தோப்பில் ஆள் காத்திருக்கிறார்களாம், பைகளை இறக்கி வைத்துவிட்டு, “போயிட்டு வர்றேன் மாமா” என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சுலோச்சனா மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் பையோடு நின்றாள். இடுப்பில் ரிமோட். என்னவோ சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன். இறங்கிப் போய் ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.

“வாங்க” என்றேன்.

அவள் நின்றாள். நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாரும் இல்லை.